கண்ணைக் கரிக்கும் காற்று

ஆம்பூரை அடுத்த ஒரு டேனரி. காலை ஏழரை மணி. சுற்றிக்கொண்டிருந்த பெரிய மர ட்ரம் நின்றதும் மேஸ்திரி அதன் கதவைக் கழற்றினார். உள்ளிருந்து வந்ததை நாற்றம் என்று சொன்னால் போதாது. மூக்கின் உச்சியில் ஊசி போல ஏறி, கண்ணைக் கரித்து, தொண்டையை இறுக்கியது. என்னை அறியாமலே இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"தள்ளி நில்லுங்க சார். அம்மோனியா உப்பு போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆவுது. மொதல்ல இப்படித்தான் ஏறும், அப்புறம் அடங்கிடும்" என்றார்.

அவர் தள்ளி நிற்கவில்லை. உள்ளே கைவிட்டு ஒரு தோலை இழுத்தார். தோல் மிகவும் தடித்திருக்கும் கழுத்துப் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, வெட்டிய முகத்தில் சின்ன பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். ஓரங்கள் வெள்ளையாகவே இருக்க, நடுவில் மட்டும் செம்பருத்தி நிறத்தில் ஒரு கோடு எழுந்தது. "நடுவுல இன்னும் சுண்ணாம்பு நிக்குது. இன்னொரு அரை மணி ஓடணும்."

அந்தச் சொட்டு, பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்த பினாப்தலீன். காரத்தைக் கண்டால் சிவக்கும், காரம் தணிந்தால் நிறமிழக்கும். சிவப்புக் கோடு மறையும்வரை ட்ரம் சுற்ற வேண்டும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் இந்த வேலைக்கு டிலைமிங் என்று பெயர். தோலிலிருந்து சுண்ணாம்பை எடுப்பது. என்னைப் பின்னால் தள்ளிய காட்டம் அந்த வேலையில் பிறந்த அம்மோனியா. அதில் இருப்பது ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும்.

அந்த ஒரு நைட்ரஜன் அணு எங்கிருந்து அந்த ட்ரம்முக்கு வந்தது, அங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

வந்த இடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காற்றின் கன அளவில் 78 விழுக்காடு நைட்ரஜன். டேனரி வாசலில் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் கட்டம் கட்டினால், அதன் மேல் வானம் வரை நிற்கும் காற்றில் ஏழரை டன்னுக்கும் அதிகமான நைட்ரஜன் இருக்கும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எரியாது, எரியவும் விடாது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுத்து அப்படியே வெளியே விடுகிறோம். 1772ல் எடின்பரோவில் டேனியல் ரதர்ஃபோர்ட் இதைப் பிரித்துக் காட்டியபோது, இந்தக் காற்றில் எலி செத்தது, மெழுகுவர்த்தி அணைந்தது. அதனால்தான் பிரான்சின் லவாய்சியே இதற்கு 'உயிரற்றது' என்ற பொருளில் அசோட் என்று பெயர் வைத்தார். நைட்ரஜன் என்ற பெயர் 1790ல் அதே நாட்டு வேதியியலாளர் ஷாப்டால் தந்தது. வெடியுப்பைப் பிறப்பிப்பது என்று அதற்குப் பொருள். ஈழத்துப் பாடநூல்களில் இதே பெயர் நைதரசன் என்று வரும். ஒரே வாயுவுக்கு ஒருவர் உயிரற்றது என்றும் இன்னொருவர் வெடியுப்பின் தாய் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

உயிரற்றதுபோல் அது இருப்பதற்குக் காரணம் பிடிமானம். காற்றில் நைட்ரஜன் தனி அணுவாக இருப்பதில்லை. இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனை, அதாவது 28 கிராமை, அணு அணுவாகப் பிரிக்க 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்ஸிஜனுக்கு அதில் ஏறக்குறைய பாதி, 498 போதும். ஆகவே இரும்பு துருப்பிடிப்பதும் விறகு எரிவதும் ஆக்ஸிஜனின் வேலையாகவே இருக்கிறது. நைட்ரஜன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்றைத் திரவமாகும் அளவுக்குக் குளிரவைத்தால் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் நைட்ரஜனைத் தனியே வடித்துவிடலாம். ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1895ல் காற்றைத் தொழில்முறையில் திரவமாக்கிய பிறகு இது பெரிய தொழிலாயிற்று. நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் வெள்ளைப் புகை வழிய மூடி திறக்கும் அலுமினிய ஜாடியில் காளையின் உறைவிந்து மூழ்கியிருப்பது இந்தத் திரவத்தில்தான்.

ஆனால் பிரிப்பது வேறு, பிணைப்பை உடைத்துப் பயன்படுத்துவது வேறு. செடிக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் வேண்டியது உடைந்த நைட்ரஜன். மின்னல் கொஞ்சம் உடைக்கிறது. திருப்பத்தூர், வேலூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாகத் தொங்கும் முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, சாதாரண வெயிலில், சாதாரண மண்ணில், சத்தமில்லாமல் உடைத்துக்கொண்டிருக்கிறது. மனிதனுக்கு அது இருபதாம் நூற்றாண்டு வரை கைவரவில்லை.

இதற்கு இந்தப் பகுதியிலேயே ஒரு சாட்சி உண்டு. இந்தியாவின் முதல் ரசாயன உரத் தொழிற்சாலை 1906ல் ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. பாரி நிறுவனத்தின் அந்த ஆலை சூப்பர் பாஸ்பேட் செய்தது. அதில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் உண்டு, நைட்ரஜன் இல்லை. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்க அன்றைய வேதியியலுக்குத் தெரியும். தலைக்கு மேலே டன் டன்னாக நின்ற நைட்ரஜனை மலிவாகத் தொடத் தெரியாது. அன்று உலகம் நைட்ரஜன் உரத்துக்குச் சிலி நாட்டுப் பாலைவனத்து வெடியுப்புக் கனிமத்தையும், நிலக்கரியைக் கோக்காக்கும்போது உபரியாகக் கிடைத்த அம்மோனியாவையும்தான் பெரும்பாலும் நம்பியிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1909 ஜூலையில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஒரு சிறு உலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அழுத்தத்தில் சூடான ஆஸ்மியத்தின் மேல் ஓட்டி, சொட்டுச் சொட்டாக அம்மோனியாவை வடித்துக் காட்டினார். இந்த வினை வெப்பத்தை வெளிவிடும் வினை. அதனால் குளிரில் நடந்தால் நிறைய அம்மோனியா தங்கும். ஆனால் குளிரில் முப்பிணைப்பு அசையவே அசையாது. சூடாக்கினால் பிணைப்பு இளகும், பிறந்த அம்மோனியாவும் கூடவே சிதையும். இந்த இழுபறிக்கு நடுவே ஒரு வழி கண்டதுதான் ஹேபரின் சாதனை. 400 முதல் 500 டிகிரி வெப்பம், இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தம், பிணைப்பைத் தளர்த்தும் ஒரு வினையூக்கி, பிறந்த அம்மோனியாவை உடனே குளிர்வித்து வெளியே எடுத்துவிட்டு மீதியை மறுபடி உள்ளே அனுப்பும் சுழற்சி. ஆஸ்மியம் அரிதான உலோகம். பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, மலிவான இரும்பில் கொஞ்சம் அலுமினாவும் பொட்டாஷும் சேர்ந்தால் போதும் என்று கண்டார். கார்ல் போஷ் அதைப் பெரிய உலையாக்கினார். 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இந்த வினையால் விளைகிறது என்பது கணிப்பு.

இந்தியாவுக்கு அது வந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. கேரளத்தின் ஆலுவா அருகே உத்யோகமண்டலில் ஃபேக்ட் ஆலை 1947ல் அம்மோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கியபோது, வேண்டிய ஹைட்ரஜனை விறகை வாயுவாக்கி எடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் உலைக்குள் போய், காற்றின் நைட்ரஜன் உரமாக வெளியே வந்தது. தமிழ்நாட்டில் நெய்வேலி தன் பழுப்பு நிலக்கரியிலிருந்து 1960களில் யூரியா செய்தது. 1971ல் மணலியில் நாப்தாவிலிருந்து உரம் செய்யும் ஆலை வந்தது, 1975ல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை வந்தது. எரிபொருள் மாறியது. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் நைட்ரஜன் மட்டும் எல்லா இடத்திலும் அதே காற்றிலிருந்துதான்.

ஆக, மேஸ்திரி ட்ரம்மில் கொட்டிய உப்பு மூட்டை இந்த நீண்ட வழியில் வந்தது. நெல் வயலுக்குப் போகும் அம்மோனியம் சல்பேட்டும் டேனரிக்கு வரும் அம்மோனியம் சல்பேட்டும் ஒரே பொருள். இன்று உலகில் அதில் பெரும்பங்கு நைலான் மூலப்பொருளான காப்ரோலாக்டம் செய்யும்போது உடன்பிறக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்ற இந்தச் சொல்லுக்கு நாம் பின்னால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

ட்ரம்முக்குள் இன்னொரு நைட்ரஜனும் இருந்தது. அது தோலுக்குள்.

விலங்கின் தோலில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டு, நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கிப் புரத அளவைச் சொல்வது உணவு ஆய்வகங்களின் வழக்கம். தோல் ஆய்வகத்தில் பெருக்கும் எண் 5.62. கொலாஜனில் நைட்ரஜன் கூடுதல், ஏறக்குறைய 18 விழுக்காடு. காரணம், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் கொலாஜனில் மூன்றுக்கு ஒன்றாக வருகிறது. ஆள் சிறியது, ஆனால் நைட்ரஜன் ஒன்று உண்டு. அதனால் எடைக்கு எடை நைட்ரஜன் ஏறிவிடுகிறது.

அந்த அளவை எடுக்கும் முறை 1883ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் கண்டது. தோல் துண்டை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால் புரதம் முழுதும் சிதைந்து அதன் நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாகிவிடும். பிறகு காரத்தை ஊற்றினால் அம்மோனியா கிளம்பும். அதைப் பிடித்து அளந்தால் போதும். அம்மோனியம் சல்பேட், அதன் மேல் காரம், கிளம்பும் அம்மோனியா. காலையில் ட்ரம்மின் கதவு திறந்தபோது நடந்ததும் இதே வினைதான். ஆய்வகத்தில் கவனமாகப் பிடித்து அளக்கிறோம், கொட்டகையில் காற்றில் விடுகிறோம்.

கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை. 1952ல் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் அழைப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுதான். அங்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை யாரும் திருப்தியான வடிவம் சொல்லவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனும் அவரோடு ஆய்வு செய்த கோபிநாத் கர்தாவும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொலாஜன் மாதிரிகளுக்கு, அடையாறில், எட்டும் தொலைவில், 1948ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் வரை எக்ஸ்-கதிர் படம் எடுத்துப் பார்த்து, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற வடிவத்தை 1954ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழையும் சேர்ந்து இன்னொரு முறுக்கும் முறுக்கியிருக்கிறது என்று 1955ல் திருத்தினார்கள்.

பிறகு ஒரு சர்ச்சை எழுந்தது. அதன் மையத்தில் நம் நைட்ரஜன். இழைகளை ஒன்றோடொன்று கட்டுவது, ஒரு இழையின் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் அடுத்த இழையின் ஆக்ஸிஜனை நோக்கிச் சாயும் ஹைட்ரஜன் பிணைப்பு. மூன்று அமினோ அமிலத்துக்கு அப்படி இரண்டு கட்டு என்றது சென்னை. ஒன்றுதான் இடம் கொள்ளும் என்றார்கள் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். நேரடிக் கட்டு ஒன்றுதான் என்று பின்னாளில் தெளிவாயிற்று. முக்கயிறு என்ற அடிப்படை வடிவம் ராமச்சந்திரனுடையது. அது அப்படியே நின்றது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற இந்தச் சண்டைக்கு விடை தேடித்தான் அவர், இன்று உலகெங்கும் ஒவ்வொரு புரத வடிவத்தையும் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடத்தை 1963ல் உருவாக்கினார். ஆம்பூரில் செருப்பாகும் தோலுக்கும் அந்த வரைபடத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருப்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கயிற்றில் கட்டுண்ட நைட்ரஜனை விடாமல் பிடித்துவைப்பதுதான் தோல் தொழில். மாட்டை உரித்த சில மணி நேரத்தில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். புரதத்தை அறுத்து, அமினோ அமிலத்தை அறுத்து, கடைசியில் அம்மோனியாவாக நைட்ரஜனைக் கழற்றும். அழுகும் தோலின் வாடையில் பெரும்பங்கு, கயிற்றை விட்டுப் போகும் நைட்ரஜனுடையது. மண்டிக்கு வரும் பச்சைத் தோலில் உப்பை அள்ளி அப்புவது அதைத் தடுக்க. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் பழைய முறையில் தோலைப் போட்டால், அவற்றின் டானின் கயிற்றின் பெப்டைடு கட்டுகளைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். குரோமிய உப்பில் போட்டால் குரோமியம் பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளின் அமிலமுனைகளைச் சேர்த்துக் கட்டும். பச்சைத் தோல் ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோமியம் ஏறிய 'வெட் புளூ' கொதிநீரைத் தாங்கும். அதற்குப் பிறகு பாக்டீரியாவுக்கு வாய் வைக்க இடமில்லை.

ஆனால் பதனிடுவதற்கு முன் முடியை எடுக்க வேண்டும். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீர் முடியைக் கரைக்கும், தோலை உப்பவைத்து இழைகளைப் பிரித்துவிடும். அந்தக் காரத்திலேயே தோல் கிடந்தால் பதம் ஏறாது. சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். நேராக அமிலம் ஊற்றினால் என்ன? தோலின் மேல்பக்கம் அமிலத்தால் தாக்குண்டு உப்பும், நடுவில் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். அதைவிட ஆபத்து, மிஞ்சியிருக்கும் சல்பைடு அமிலத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடையோடு தொடங்கி, அளவு கூடியதும் மூக்கை மரக்கவைத்து, வாடையே தெரியாமல் ஆளைக் கொல்லும் வாயு அது.

அம்மோனியம் உப்பின் அருமை இங்கேதான். தோலின் சுண்ணாம்போடு அது வினைபுரிந்தால் கால்சியம் சல்பேட் ஆகிறது, அம்மோனியா பிறக்கிறது. பிறந்த அம்மோனியாவும் மிஞ்சிய அம்மோனியமும் சேர்ந்து நீரின் காரத்தை pH அளவில் ஒன்பதை ஒட்டி நிறுத்திக்கொள்ளும், திடீரென்று கீழே விழவிடாது. மெதுவாக நடுவரைக்கும் போய்ச் சுண்ணாம்பை எடுக்கும். அந்த நிதானம் அடுத்த வேலைக்கும் வேண்டும். அடுத்துத் தோலை மிருதுவாக்க நொதி சேர்ப்பார்கள். 1907ல் ஜெர்மானியர் ஓட்டோ ரோம் கணைய நொதியை இதற்குக் கொண்டுவரும்வரை, பல டேனரிகளில் இதற்கு நாய் மலமும் புறா எச்சமும்தான். அந்த நொதி நன்றாக வேலை செய்வது எட்டு, எட்டரை அளவில். அம்மோனியம் உப்பு தோலைச் சரியாக அங்கே கொண்டுபோய் விடுகிறது. இவ்வளவு நல்ல குணமும் இவ்வளவு குறைந்த விலையும் ஒரே மூட்டையில் இருக்கும்போது தொழில் அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

காட்டம் முதலில் ஏறி அப்புறம் அடங்குவதற்கும் காரணம் இதே கணக்குதான். காரம் மிகுந்த தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே அம்மோனியா வாயு. காரம் எட்டரைக்கு இறங்கியதும் பெரும்பகுதி அம்மோனியம் அயனியாகி நீரில் தங்கிவிடுகிறது. மேஸ்திரி சொன்னது வேதியியல் நூல் சொல்வதே. ஆனால் அந்த முதல் அரை மணியில் அங்கே நிற்பது அவர். பணியிடக் காற்றில் அம்மோனியா எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அளவு. ட்ரம் திறக்கும் இடத்தில் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் கண்ணாடியும் முகமூடியும் இருக்க வேண்டியது கட்டாயம். நான் நின்ற இடத்தில் இருந்தது திறந்த கதவு ஒன்றுதான்.

தோல் ஆலையில் நைட்ரஜனின் வேறு வேடங்களும் உண்டு. சாயப் பிரிவில் சிவப்பும் கறுப்பும் பழுப்பும் தருவது பெரும்பாலும் இரண்டு நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த அசோ சாயங்கள். அவற்றில் சில சிதைந்து புற்றுநோய் தரும் அமீன்களாகின்றன என்று ஜெர்மனி 1990களில் தடை போட்டபோது இந்தப் பகுதியின் ஏற்றுமதியாளர்கள் சாயப் பட்டியலையே மாற்ற வேண்டிவந்தது. மேலே பளபளப்புக்கு அடிக்கும் லாக்கரில் நைட்ரோ செல்லுலோஸ் உண்டு.

இனி வடிகால்.

நூறு கிலோ தோலுக்கு இரண்டு மூன்று கிலோ அம்மோனியம் உப்பு என்பது வழக்கமான அளவு. ஒரு டன் தோலுக்கு 25 கிலோ அம்மோனியம் சல்பேட் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நைட்ரஜன். ஆக ஐந்து கிலோவுக்கும் மேல் நைட்ரஜன். இதில் தோலில் தங்குவது எதுவுமே இல்லை. காற்றிலிருந்து உடைத்தெடுத்து, அழுத்தி, உப்பாக்கி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த நைட்ரஜன் ஓரிரு மணி நேரம் ட்ரம்மில் இருந்துவிட்டு, காற்றில் போனது போக மீதி முழுவதும் சாக்கடைக்குப் போகிறது. கூடவே, சுண்ணாம்புக் குழியில் கரைந்த முடியும் சதையும் தோலின் வேறு புரதங்களும் தங்கள் நைட்ரஜனைக் கொண்டுபோகின்றன.

பாலாறு நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று வந்து வயலூரில் கடல் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. ஓடாத ஆற்றில் கழிவு கடலுக்குப் போகாது, மணலுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. கெடுத்தவரே ஈடு தர வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நாட்டின் சட்டம் என்று அதில் நிலைநாட்டப்பட்டது. டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இந்த வழக்குகளைப் பற்றிய பேச்சில் குரோமியம் பெயர் வரும், உப்பின் பெயர் வரும். இரண்டும் வர வேண்டியவையே. நைட்ரஜனின் பெயர் அரிதாகவே வரும். அதற்கு நிறமில்லை, நிலத்தில் வெள்ளையாகப் பூப்பதில்லை. ஆனால் மண்ணில் இறங்கும் அம்மோனியத்தை அங்குள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது. நீரோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கிணற்று நைட்ரேட் முழுவதையும் டேனரி தலையில் கட்டுவது நியாயமில்லை. வயலின் யூரியாவும் ஊரின் கழிவறைத் தொட்டியும் அதில் சேர்ந்திருக்கின்றன. கிணற்றைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே நைட்ரஜன்.

வழக்குக்குப் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பொது சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அங்கே நைட்ரஜனின் வழி திரும்புகிறது. ஹேபர் பிணைத்ததைப் பாக்டீரியா பிரிக்க வேண்டும். காற்றூட்டும் தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும், வேறொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். பிறகு காற்று இல்லாத தொட்டியில், ஆக்ஸிஜன் கிடைக்காத பாக்டீரியா நைட்ரேட்டின் ஆக்ஸிஜனையே பறித்துச் சுவாசிக்கும். மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. முப்பிணைப்பு மீண்டும் கூடிவிட்டது.

சொல்லும்போது எளிது. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு டன் தோலின் டிலைமிங் உப்புக்கு மட்டும் ஏறக்குறைய 24 கிலோ. அதை நீருக்குள் அடித்துக் கரைக்க இரவும் பகலும் மோட்டார் ஓட வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணத்தில் காற்றூட்டல் பெரும்பங்கு. இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. உப்பு கூடினால் சுணங்கும், சல்பைடு வந்தால் சுருளும், குரோமியமும் டானினும் ஆகாது. தோல் கழிவில் நான்கும் உண்டு. மூட்டையாக வாங்கும்போது அம்மோனியம் மலிவு. அதன் விலையின் பெரும்பகுதி இந்தத் தொட்டிகளில்தான் கட்டப்படுகிறது, அல்லது கட்டப்படாமல் கிணற்றுக்குப் போகிறது.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. பள்ளியில் நைட்ரஜன் தயாரிக்க அம்மோனியம் குளோரைடையும் சோடியம் நைட்ரைட்டையும் சேர்த்துச் சூடாக்குவோம். அம்மோனியமும் நைட்ரைட்டும் ஒன்றையொன்று முடித்துக்கொண்டு நைட்ரஜனும் நீருமாகிவிடும். இதே வினையைச் சூடில்லாமல் செய்யும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று வியன்னாவின் எங்கெல்பர்ட் புரோடா 1977ல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஒரு தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டியில் அது அகப்பட்டது. அனாமாக்ஸ் என்று பெயர். அம்மோனியத்தில் பாதியை மட்டும் நைட்ரைட்டாக்கினால் போதும், மற்றப் பாதியை அது பார்த்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அது பெருக வாரக்கணக்கில் ஆகும், தோல் கழிவின் உப்புக்கும் சல்பைடுக்கும் பழக வேண்டும்.

அதைவிட நேரான வழி, உப்பைக் கொட்டாமலிருப்பது. கார்பன் டை ஆக்சைடு வாயுவை ட்ரம்முக்குள் செலுத்தினால் அது நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். அம்மோனியா கிடையாது. ஐரோப்பிய டேனரிகள் சிலவற்றில் பல ஆண்டுகளாக நடப்பதுதான். தடித்த தோலில் நடுவரை போக நேரமாகும், சல்பைடு மிஞ்சியிருந்தால் விஷவாயு கிளம்பாமல் முன்கூட்டியே அதை ஆக்ஸிஜனேற்றிவிட வேண்டும். மெல்லிய ஆட்டுத் தோலுக்கும் கன்றுத் தோலுக்கும் அந்தத் தடிப்பு ஒரு தடையில்லை. முழுதும் மாற்ற முடியாத இடத்தில் பாதி அம்மோனியம், பாதி வாயு என்றாலும் மேஸ்திரியின் கண்ணுக்கும் தொட்டியின் மோட்டாருக்கும் சுமை பாதியாகும்.

அன்று மாலை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் தெளிவூட்டும் தொட்டி ஓரம் நின்றேன். வட்டமான பெரிய தொட்டி. கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் வழிய வேண்டிய இடம். அங்கங்கே பழுப்புக் கசடு கை அகலக் கட்டிகளாக மேலே மிதந்து வந்துகொண்டிருந்தது. இயக்குபவர் நீண்ட கழியால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். "அடியில ரொம்ப நேரம் தங்கிட்டா இப்படி எழும்பிடுது சார். கசடை இன்னும் சீக்கிரம் இழுக்கணும்" என்றார்.

எழுப்புவது நைட்ரஜன். தொட்டியின் அடியில் காற்றுத் தீர்ந்ததும் பாக்டீரியா நைட்ரேட்டை மென்று வாயுவை விடுகிறது. நுண்ணிய குமிழிகள் கசடுக்குள் சிக்கி அதைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. அவர் கழியால் தட்டியதும் ஒரு கட்டி உடைந்தது. கசடு மூழ்கியது. குமிழிகள் மட்டும் மேலே வந்து வெடித்தன, வாடை ஏதுமில்லாமல்.